மணவறைக்குப் போகும் வழியில் டேப்பட் வைத்தது

மாப்பிள்ளைகள் குதிரையில் போயிருக்கிறார்கள், பல்லக்கில் போயிருக்கிறார்கள். பட்டு வேட்டியோடு ராக்கர் ஆர்ம்களின் மேல் கவிழ்ந்து கிடந்துவிட்டுத் தாலி கட்டப் போனவன், நான் படித்த வரையில், நான் ஒருவன்தான். எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்வதற்குக் கொஞ்சம் முந்தைய கதை இது.

வண்டி என் அக்காள் கணவருடையது. யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட வேன். அத்தான் அதன் இன்ஜினைக் கருங்கல் என்ற எங்கள் ஊரில் வீட்டு முற்றத்திலேயே பிரித்து, புது பிஸ்டன் போட்டுப் பூட்டினார். கடைசி வேலை ராக்கர்கள். கிணற்றடி ஏற்றத்துத் துலாவை விரல் நீளத்துக்குச் சுருக்கினால் அதுதான் ராக்கர். ஒரு முனையைக் கம்பி தூக்கும், மறுமுனை வால்வை அமுக்கும். முனைக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய தகடு நுழையுமளவு இடைவெளி வேண்டும். அதை அமைப்பதற்கு டேப்பட் வைப்பது என்று பேர். அத்தானின் விரல்கள் ஏத்தன் வாழைக்காய்க் கனம். ஆகவே தகடும் ஸ்பேனரும் கல்யாண மாப்பிள்ளையான என் கைக்கு வந்தன.

வண்டியோடு வந்த புத்தகம் தெளிவாகத்தான் சொன்னது: இன்ஜினை ஓடவிட்டு, சூடேறிய பிறகு வை. இங்கே என் தாய்மாமா புகுந்தார். பிரித்துப் பூட்டிய இன்ஜின் புதுப்பிறவியாம். முதல் மூச்சு நல்ல நேரத்தில்தான் வரவேண்டுமாம். நல்ல நேரம் என்பது மறுநாள் மாப்பிள்ளை புறப்படும் நேரம். புத்தகம் எழுதிய வெள்ளைக்காரன் பஞ்சாங்கம் பார்த்திருக்க மாட்டான் என்றார் மாமா. சூட்டுக்குச் சொன்ன அளவைக் குளிர்ந்த இன்ஜினில் வைத்து மூடினோம்.

மறுநாள் பெண்கள் குரவையிட, இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கிண்ணத்துப் பால் அலுங்காத ஓட்டம். அத்தான் வழிநெடுக யாரைப் பார்த்தாலும் ஹாரன் அடித்தார்.

திருவட்டாற்றுக்கு முந்தைய ஏற்றத்தில் வேன் இருமியது, தும்மியது, நின்றது. சூட்டில் இரும்பு வளர்ந்து இடைவெளியைத் தின்றுவிட்டது. வால்வுகள் வாய் மூட முடியாமல் மூச்செல்லாம் ஒழுகிவிட்டது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. விட்டால் அடுத்தது ஆடி கழிந்து. அதுவரை பெண்ணின் அப்பா மனம் மாறாமல் இருக்க வேண்டும்; அவருக்கு என் முகத்திலேயே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

கதவைத் திறந்தேன். மாமா குறுக்கே கையை நீட்டினார்.

"மக்கா, காலைத் தரையில வைக்காதே. பெண்ணுக்க தம்பி கழுவினப்புறந்தான் நீ மண்ணை மிதிக்கணும்."

நல்லவேளை, அந்த வேனில் இன்ஜின் டிரைவருக்கும் எனக்கும் நடுவே ஒரு மூடிக்கு அடியில் இருந்தது. வேட்டியை மடித்துச் செருகி, இருக்கையில் முழங்காலிட்டுக் கவிழ்ந்தேன். அளவுத் தகடு கருங்கல் வீட்டு ஜன்னல்மேல் இருந்தது. எனவே எங்கள் கல்யாணப் பத்திரிகையை மடித்து ராக்கருக்கு அடியில் நுழைத்தேன், என் பெயர் மேலே வரும்படியாக. அத்தான் முன்னால் நின்று ஹேண்டிலால் இன்ஜினை மெல்லச் சுற்ற, மூடவேண்டிய முறை வந்த வால்வாகப் பார்த்து நான் நட்டைத் தளர்த்தி, திருகி, மறுபடி இறுக்கினேன். மாமா என் அரைஞாணைப் பிடித்துக்கொண்டார், தலைகுப்புற விழாமலிருக்க.

"தாராளமா வை மாப்பிளே," என்றார் அத்தான். "இடைவெளி கூடினாச் சத்தம். குறைஞ்சா கல்யாணம் போச்சு."

பின்னால் இருந்த சித்தி, இந்தக் கவனத்தில் பாதியைக் கட்டப்போகிறவளிடம் காட்டினால் போதும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். விரல் சுட்டுக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது; அந்த ராக்கருக்கு இடைவெளி கொஞ்சம் கூடுதலாகவே போயிருக்கும்.

வேன் கிளம்பியது. பித்தளைப் பாத்திரக் கடை ஒன்று மலையேறுவது போன்ற சத்தம். ஆனால் ஏறியது. மாமா சத்தத்துக்குத் தாளம் போட்டார். மேட்டின் உச்சியில் அத்தான் ஸ்டியரிங்குக்கு முத்தம் கொடுத்தார்.

கல்யாண வீட்டு வாசலில் பெண்ணின் தம்பி கிண்டி நிறையத் தண்ணீரோடு நின்றான். என் பாதங்களைப் பார்த்தான், கைகளைப் பார்த்தான்.

"காலுக்குச் சோலியில்ல, அத்தான். கைய நீட்டுங்க."

சாம்பல், மண்ணெண்ணெய், சீயக்காய் எதற்கும் அந்தக் கறுப்பு முழுசாகப் போகவில்லை. முகூர்த்தம் தப்பவில்லை. பெண்ணின் அப்பா அவள் கையை என் கையில் வைத்தபோது, மருதாணியில் சிவந்த அந்தக் கையில் என் ஐந்து விரலும் அச்சாக விழுந்தன. அவள் தலை நிமிராமல் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

"வரமாட்டீங்களோன்னு அப்பா அழுதாச்சு. எனக்கு அந்த வண்டிச் சத்தம் கேட்டப்பந்தான் உயிர் வந்தது."

மறுநாள் அத்தான் தகட்டை வைத்து டேப்பட்டைச் சரிசெய்துவிட்டார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. சத்தமே போடாமல் வருகிற வண்டியை எப்படி நம்புவது என்று கேட்டாள்.