முடிஞ்சது, எழுந்திருங்க

"முடிஞ்சது, எழுந்திருங்க" என்று சொன்ன பிறகுதான் பியோ குவாங்சொப் படமே எடுப்பார். அதற்கு முன்னால் எடுத்த ஏழெட்டும் வெறும் கண்துடைப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்திருந்த ஆள், அப்பாடா என்று தோளைத் தளர்த்துவான் பாருங்கள், அப்போது முகத்தில் ஒரு களை வந்து எட்டிப்பார்க்கும். உள்ளங்கையில் ஒளித்திருக்கும் ரிமோட்டை அவர் அமுக்குவது அப்போதுதான்.

தென்கொரியாவின் மொக்போ மீன்சந்தைக்குப் பின்னால் அவருடைய ஸ்டுடியோ. கேமராவைக் கண்டால் "கிம்ச்சி" என்று முட்டைக்கோஸ் ஊறுகாயின் பேரைச் சொல்லிப் பல்லைக் காட்டுவது எங்கள் ஜனங்களின் பழக்கம். அவருக்கு அது ஆகவே ஆகாது. "கிம்ச்சி வேணும்னா எதிர்க்கடைக்குப் போங்க, ஜாடி ஜாடியா வெச்சிருக்கான். இங்க சும்மா உக்காந்தா போதும்" என்பார்.

ஸ்டுடியோவில் பாதி அவர் என்றால் மறுபாதி அவர் மனைவி ஒக்பூன். அறுவடைத் திருநாள் காலைகளில் புதுத்துணி சரசரக்கக் குடும்பம் குடும்பமாகத் தெருமுனை வரை நின்ற காலம் ஒன்று இருந்தது. நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. அந்தம்மா ஒவ்வொருவர் காலரையும் நீவிவிட்டு, ஒரு விரலால் மோவாயை நிமிர்த்தி, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையை வாசலில் நிறுத்திப் பார்க்கிற பார்வை அது. எங்களில் பலருக்கு முகம் மலர்ந்ததே அதனால்தான்.

ஆனால் அந்தம்மாவுக்கு மட்டும் ஒரு படம் கிடையாது. "தினம் தினம் பாக்குற மூஞ்சிதானே, பிலிமுக்குப் பிடிச்ச கேடா" என்று நழுவிவிடுவார். குவாங்சொப்பும், எங்கே போய்விடப்போகிறாள் என்று விட்டுவிட்டார்.

இந்த வசந்தத்தில் அந்தம்மாவுக்குக் காதுக்குக் கீழே ஒரு கட்டி. அறுத்தால் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முதல் நாள், மகள் சூஜின் கல்யாணத்துக்குத் தைத்த இளஞ்சிவப்பு ஹன்போக்கை உடுத்திக்கொண்டு அந்தம்மா தானே வந்து கேமராவுக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"சாவு வீட்டுல வெக்கிற படத்தை முன்னாடியே எடுத்து வெச்சா ஆயுசு கூடும்னு எல்லாரும் எடுக்கிறாங்களே. எனக்கும் எடுங்க. நாளைக்கு வாய் கோணிட்டாலும், கும்பிட வர்றவங்க நேரா இருக்கிற முகத்தைப் பாக்கட்டும்."

அவர் எடுத்தார். "முடிஞ்சது, எழுந்திரு" என்றார். அந்தம்மா கல்லுச்சிலை மாதிரி அசையவில்லை.

"இந்த வித்தையெல்லாம் எங்கிட்டயா, சூஜின் அப்பா?"

வேடிக்கை பேசிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், பேசாமலும் இருந்து பார்த்தார். கேமராத் திரையில் வந்ததெல்லாம் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த யாரோ ஒரு பெண்பிள்ளை. ஊரில் உள்ள அத்தனை முகத்தையும் பிடித்து வைத்தவருக்கு வீட்டு முகம் கைக்குச் சிக்கவில்லை. நாளைக்கு அது போய்விட்டால்?

"போதும் விடுங்க, அடுப்புல கஞ்சி இருக்கு" என்று அந்தம்மா எழுந்துவிட்டார். இவர் அதே முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ரிமோட் இன்னும் கையில்தான் இருந்தது. கேமரா முக்காலியைப் பார்த்தபடியே நின்றது.

கதவு வரை போன அந்தம்மா திரும்பிப் பார்த்தார்.

"என்ன கோலம் இது? காலர் ஒரு பக்கம் உள்ள போயிருக்கு."

பக்கவாட்டில் வந்து நின்று காலரை எடுத்து நீவினார். ஒரு விரலால் மோவாயை நிமிர்த்தினார். பிறகு வழக்கம்போலத் தலையைச் சாய்த்து, ஈரக் கண்ணோடு உட்கார்ந்திருந்தவரை ஒரு பார்வை பார்த்தார்.

குவாங்சொப் அசையவில்லை. மடியில் இருந்த கையில் கட்டைவிரல் மட்டும் மெல்ல மடங்கியது.