வட்டிலில் நடுங்கிய தண்ணீர்

யுத்தம் முடிந்த மறு வருஷக் கோடை. சிறுவாச்சூருக்குக் கிழக்கே எங்கள் மானாவாரிக் கொல்லையில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே வெட்டியது என் தங்கையின் கணவரும் அவருடைய கூட்டாளிகள் மூவரும். மேலே நின்று, மண்கூடை இழுக்கும் மாடுகளை ஓட்டியது நான்.

அதற்கு முன் பல வருஷம் ஜாவாவில் இருந்தேன். கால் ஓரிடத்தில் நிற்காத பிறவி நான். அங்கே ஓர் எரிமலையின் தோளில், மலையைக் கண்காணிக்கும் ஆபீஸில் எடுபிடி வேலை. விளக்குப் புகையில் காகிதத்தைக் கறுப்பாக்கி உருளையில் சுற்றி வைப்பேன். அதன்மேல் ஓர் ஊசி, பூமி அசைவதையெல்லாம் வெள்ளைக் கோடாகக் கீறிக்கொண்டே இருக்கும். மலை உறங்கும் நாளில் கோடு வாய்க்கால் தண்ணீர்போல ஓடும். வெடிக்கும் காலம் நெருங்கினால் சின்னச் சின்ன நடுக்கங்கள் வரும். வர வர நெருக்கமாக வரும். என்றைக்கு வெடிக்கும் என்று ஆபீஸை நடத்திய வெள்ளைக்காரத் துரையாலும் சொல்ல முடியாது. ஆனால் அடிவாரத்து ஊரைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார். ஒருமுறை, அப்படிக் காலியான ஊரின்மேல் சாம்பல் கொட்டியதைக் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. கிணற்றின் மேற்கு மேட்டில் சோறுண்ணும் வட்டில் ஒன்றில் நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். கடப்பாரை விழும்போதெல்லாம் அது சிலிர்க்கும். கீழேயிருந்து கேலி ஏறி வரும்.

“மச்சான், வட்டிலு என்ன சொல்லுது? அப்படியே மழ வருமான்னும் கேட்டுச் சொல்லுங்க!”

உச்சி வெயிலில் கிணறு வெட்டுகிறவர்கள் மேலே வரமாட்டார்கள். குளிர்ச்சி அடியில்தானே இருக்கிறது! கஞ்சிக் கலயத்தைக் கயிற்றில் இறக்கினால் அங்கேயே குடித்துவிட்டு, அங்கேயே கண்ணயர்வார்கள்.

அன்றும் கடப்பாரை ஓய்ந்தது. மாடுகளை அவிழ்த்துத் தூரத்துப் புளியமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். காற்றுகூட இல்லை. வட்டில் தண்ணீர் மட்டும் நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. அடுத்தது இன்னும் சீக்கிரம் வந்தது. கறுப்புக் காகிதமும் ஊசியும் என் கண்முன் வந்து நின்றன.

“மாப்ள, மேல வாங்க! கர இடியப் போவுது!”

“கர கல்லாட்டம் நிக்குது. பசி நேரத்துல வெளையாடாதீங்க, மச்சான்!”

தங்கை அப்போதுதான் கலயத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், வட்டிலைப் பார்த்தாள். கீழே நீண்ட கைக்கு எட்டப்போன கலயத்தைச் சரசரவென்று மேலே இழுத்துவிட்டாள்.

“கஞ்சி வேணும்னா மேல வந்து குடிங்க. எங்கண்ணன் பயந்து நான் பாத்ததே இல்ல.”

“அண்ணனும் தங்கச்சியும் சேந்துக்கிட்டுப் பட்டினி போடுறீங்களா? இருக்கட்டும், வூட்டுக்கு வந்து பேசிக்கிறேன்!”

திட்டிக்கொண்டே ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்து ஏறினார்கள். கடைசியாக வந்தவர் மாப்பிள்ளை.

புளியமரத்தடியில் அவர்கள் பாதிக் கஞ்சிகூடக் குடித்திருக்கமாட்டார்கள். மேற்குக் கரை, பெருமூச்சு விட்டதுபோல உள்ளே இறங்கியது. வட்டிலும் அதோடு போயிற்று. புழுதி எழும்பி அடங்கியது. பிறகு மாப்பிள்ளை தங்கையிடம் கலயத்தை நீட்டினார்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்து.”

ஊற்றினாள்.

சரிந்த மண்ணை அள்ளி, கரைக்குக் கல் கட்டி, மறுபடி வெட்டித் தண்ணீர் கண்டோம். இப்போது அந்தத் தண்ணீரில் கொல்லையெல்லாம் கம்பு விளைகிறது. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவர்களுக்குக் கஞ்சி கீழே இறங்குவதில்லை; கஞ்சியைத் தேடி அவர்கள்தான் மேலே வருகிறார்கள். கடல் தாண்டி ஓடித் திரிந்த நான் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததெல்லாம், எல்லாச் சத்தமும் ஓய்ந்த வேளையில் நிலத்தைக் கொஞ்சம் உற்றுக் கவனிக்கும் இந்தப் பழக்கம்தான். தங்கை வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையின் கேலியைக் கேட்டுக்கொண்டே சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதுவே போதும் என்று மனசு நிறைந்துவிடுகிறது.