ரங்கூனிலிருந்து வந்த சீன வாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் தேனாம்பேட்டையில் ஒரு பழம்பொருள் கடையில் எனக்கு வேலை. வருகிற பொருள் அசலா போலியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் சொன்னேன், மயிலாப்பூரில் எங்கள் வீட்டு பீரோ மேல் கிடந்த சீன வாளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அது மாமனாருடையது. குடும்பத்தை இங்கே விட்டுவிட்டு ரங்கூனில் கடை வைத்திருந்தவர், எல்லாம் போய்க் கப்பலேறித் திரும்பியிருந்தார். அங்கே தனக்கு மாடி வீடு இருந்தது என்பார். பக்கத்துக் கடைச் சீனர் பிரியும்போது கொடுத்த பரம்பரை வாள் இது என்பார். ரங்கூனைப் பார்த்தே இராத அவர் பிள்ளைகள், என் மனைவி உள்பட, எதையும் நம்பவில்லை. "வடபழனில சினிமாக்காரங்ககிட்ட இந்த மாதிரி நெறைய கீதுப்பா" என்பான் மச்சினன். மனிதர் சிரித்து மழுப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பார்த்து, போலி என்று தெரிந்துவிட்டால்? அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? நல்லவேளையாக வாளில் துரு மண்டியிருந்தது. துருவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. புது வாளைப் பழசாக்கப் போலிக்காரர்கள் முதலில் ஏற்றுவதே துருவைத்தான்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு என் மனைவி அரிவாள்மனையோடு அப்பாவின் வாளுக்கும் புளி பூசி ஊறவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள். துரு போய் வாள் பளபளத்தது. மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பழசுங்கிறதுக்கு இருந்த ஒரே அடையாளமும் போச்சேம்மா" என்றார். அவள் ஈரக் கையோடு அழுதாள்.

இரண்டு பேரையும் சமாதானம் செய்யத்தான் வாளை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். இரண்டு விளிம்பிலும், வேட்டிக் கரை மாதிரி, கருத்த பட்டை ஒன்று நெளிந்து ஓடியது. அந்தக் காலச் சீனக் கொல்லர்கள் கடினமான எஃகை நடுவில் வைத்து, இருபுறமும் மென்மையான இரும்பைச் சேர்த்து அடிப்பார்கள். நடு எஃகு விளிம்பில் மட்டும் வெளியே தெரியும்; புளி பட்டால் அதுதான் அதிகம் கருக்கும். ஒரே தகட்டில் வெட்டிய போலியில் இந்தப் பட்டை வராது.

"மாமா, இது அசல். சத்தியமா அசல்."

அவர் வாளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் நெசம்னு நம்புறீகளா, மாப்பிள்ளை?"

என் மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த மாடி வீட்டுல சமையக்கட்டு எந்தப் பக்கம் இருந்துச்சு?"