ஈஸ்டர் மேசையில் பருப்பு லோஃப்

தவக்காலமான லெந்து நாட்கள் நாற்பதும் கறியைத் தொடாமல் இருந்துவிட்டு, ஈஸ்டர் மதியம் ஒரே மூச்சில் ஈடுகட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் பேட்டை லிங்கராஜபுரத்தில் அன்று எந்த ஜன்னலைத் தாண்டினாலும் மட்டன் வாசனைதான். அப்பேர்ப்பட்ட பண்டிகைக்காக நான் ஒரு வாரமாகப் பருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காரணம், என் வாய்.

முந்தைய வருடம் என் மகள் லெந்துக்காக விட்ட கறியை அப்படியே விட்டுவிட்டாள். ஈஸ்டர் அன்று அவள் தட்டில் சோறும் முட்டைக்கோஸ் பொரியலும் மட்டும் இருந்தன. மேசையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். வேடிக்கையாகப் பேசுகிறவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

"லெந்து முடிஞ்சிருச்சும்மா. உன்கிட்ட மட்டும் யாரும் சொல்லலையா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஊரின் இன்னொரு பக்கம் ஆடுகோடியில் தோழிகளோடு தங்கியிருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ஆபீஸில் வேலை என்று தன் அம்மாவிடம் சொன்னாளாம். இந்த ஈஸ்டருக்கு வருகிறேன் என்றதும் அம்மாவிடம்தான். உட்கார்ந்து சாப்பிடுவாளா, தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மன்னிப்புக் கேட்பதைவிடச் சமைப்பது சுலபம் என்று தோன்றியது. மனம் திரும்புதலைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒன்றிலும் பருப்பு வேகவைப்பது பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் ஈஸ்டர் விருந்தின் ராஜா மீட்லோஃப்: கொத்துக்கறியை டின்னில் அழுத்தி, ஓவனில் சுட்டு, துண்டு போட்டு, மேலே மட்டன் குழம்பு. அதையே அவளுக்காக மைசூர்ப் பருப்பில் செய்ய நினைத்தேன். முதல் ஒத்திகையில் குக்கரில் மூன்று விசில் விட்டேன், சாம்பார் புத்தி. டின்னைக் கவிழ்த்ததும் லோஃப் தட்டு முழுக்கப் பரவியது. இரண்டாவதில் ஓட்ஸை அள்ளிக் கொட்டியதில் செங்கல் கிடைத்தது. மனைவி ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "இது பருப்பு வடைங்க. இதுக்கு எதுக்கு டின்னு?" என்றாள்.

மூன்றாவது முறை தோல் நீக்காத முழுப் பருப்பை வாங்கி, திறந்த பாத்திரத்தில், விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்தில் இறக்கி, தண்ணீரை ஒட்ட வடித்தேன். பாதியை மசித்து, பாதியை முழுசாக விட்டேன். வெங்காயமும் காளானும் நீர் வற்ற வதக்கியது, உடைத்த அக்ரூட், கொஞ்சமே ஓட்ஸ். பிடித்து நிறுத்த முட்டை வேண்டும். அவள் முட்டை சாப்பிடுவாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடத்தில் அதைக்கூடக் கேட்டுவைக்கவில்லை. முட்டைக்குப் பதில் ஆளிவிதைப் பொடியை ஊறவைத்துச் சேர்த்தேன்.

ஈஸ்டர் அன்று அவள் வந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஓவனிலிருந்து எடுத்த லோஃப் வெட்டுவதற்கு முன் இருபது நிமிடம் ஆற வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் ஆறு தடவை அடுக்களைக்குப் போய், ஆறு தடவையும் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் மேசைக்குக் கொண்டுவந்து கத்தியை இறக்கினேன். துண்டு உடையாமல், ஓரம்கூட உதிராமல் நின்றது. அவள் தட்டில் வைத்தேன். அந்தச் சந்தோஷத்தில், வருடா வருடம் எல்லோர் தட்டிலும் குழம்பு ஊற்றிப் பழகிய என் கை, ஒரு கரண்டி மட்டன் குழம்பை எடுத்து அதன் தலையில் ஊற்றியது.

அவள் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னை.

"நான் கறி சாப்பிடறதில்ல டாடி. உங்ககிட்ட மட்டும் யாரும் சொல்லலையா?"

யாரும் சிரிக்கவில்லை. "தப்புதாம்மா," என்றேன். "இன்னைக்கும், போன வருஷமும்."

அவள் அந்தத் தட்டை என் பக்கம் தள்ளினாள். பையை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு, வேறு தட்டெடுத்து, தானே ஒரு துண்டு வெட்டிக்கொண்டாள். மென்றாள். உப்பு கம்மி என்றாள். குழம்பில் ஊறிய துண்டை நான் தின்றேன். பிரமாதமாக இருந்தது, அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது துண்டை வெட்டுவதற்கு முன், அவள் குழம்புக் கிண்ணத்தை என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தாள்.