சண்டைமீனுக்கு ஒரு சாண் தண்ணீர்

என் வீட்டுக்காரருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், சைகோனிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே எனக்கும் அவருக்கும் ஆகாமல் போய்விட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருபது வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு வந்தார். அங்கே அவருக்குக் குடும்பம் இருந்ததா, இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காப்பி கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்பியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று அப்புறம் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, விடு" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் கடலூரில் டீச்சர் டிரெயினிங் படித்தவள். தவளக்குப்பத்துக்காரி. கொடி மாறியதும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கு ஆள் எடுத்தார்கள், எனக்கு வேலை கிடைத்தது. மூத்தாருக்கு அதுவே பொறுக்கவில்லை. அவர் படித்த பிரெஞ்சுப் படிப்புக்கு இந்த ஊரில் மதிப்புக் குறைந்துகொண்டு வந்த நேரத்தில், நான் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு தினமும் அவர் முன்னால் வாசல்படி இறங்கினேன்.

மூத்தாரோடு நேருக்கு நேர் நின்று பேசும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவர் என்னிடம் சொல்ல வேண்டியதைத் தம்பியிடம் சொல்வார், நான் பக்கத்திலேயே நின்றாலும். "ஒன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, ரசத்துல புளி ஜாஸ்தி." நானும் அப்படியே. "புளி அவ்வளவுதான் போட்டேன்னு சொல்லுங்க." நடுவில் உட்கார்ந்து ஒரு மனுஷன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அவர் கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மரப்பெட்டிக்குள் தனித்தனிச் சீசாக்களில் மூன்று மீன் இருந்தன. சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, பச்சை ஒன்று. சுண்டுவிரல் நீளம். துடுப்பை விரித்தால் பட்டுத்துணி தண்ணீருக்குள் அவிழ்ந்த மாதிரி இருக்கும். அவர் கொம்பத்தான் என்றார். பிரெஞ்சில் சண்டைக்காரன் என்று அர்த்தமாம். நான் சண்டைமீன் என்றேன். மூன்றையும் மூன்று கண்ணாடிக் குடுவைகளில் விட்டார். சாராயம் ஊற்றி மேசையில் வைக்கிற, கழுத்து ஒடுங்கி வயிறு பருத்த வெட்டுக்கண்ணாடிக் குடுவைகள். அவற்றை வைப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், ஜன்னல் ஓரத்தில் நான் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிற மேசை. என் மைக்கூட்டையும் நோட்டுகளையும் தரையில் இறக்கி வைத்திருந்தார். குடுவைகளுக்கு நடுவே அட்டை வைத்து மறைத்திருந்தார். ஒன்றையொன்று பார்த்தால் கண்ணாடியில் முட்டிக்கொள்ளுமாம்.

அன்றிலிருந்து தரையில் உட்கார்ந்துதான் திருத்தினேன். தலை நிமிர்ந்தால் எதிரே மீன்.

என் அப்பா வீட்டுக்குப் பின்னால் குட்டை இருந்தது. சின்ன வயசில் சட்டியிலும் பானையிலும் மீன் விட்டு வளர்த்து, செத்துப் போனதைப் புதைத்து, அடுத்ததை நன்றாக வளர்த்தவள் நான். குடுவைகளைப் பார்த்ததும் என்ன தப்பு என்று தெரிந்துவிட்டது. தண்ணீரைக் கழுத்து வரைக்கும் நிரப்பியிருந்தார். வயிறு வரைக்கும் ஊற்றியிருந்தால் மேல்பரப்பு ஒரு தட்டு அகலம் இருக்கும். கழுத்து வரைக்கும் ஊற்றியதால் அது ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருங்கிவிட்டது. இந்த மீன் மேலே வந்து வாயால் காற்றை எடுக்கிற ஜாதி. அந்தக் காசு அளவு இடத்துக்குத்தான் அது ஏறி வர வேண்டும். போதாததற்கு அவர் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துப் போடுவார். தின்றது பாதி, மிச்சம் அடியில் ஊறும். சாயங்கால வெயில் அந்த ஜன்னலில் நேராக அடிக்கும்.

ஒரு வியாழக்கிழமை பச்சை மீன் இருந்த குடுவையின் வாயில் ஆடை படிந்திருந்தது. ஆறிப்போன பாலின் மேல் படியுமே, அப்படி. மீன் மேலே வந்து அதை முட்டிவிட்டுக் காற்றில்லாமல் திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது. ஒரு காகிதத் துண்டை மேலே ஒற்றி எடுத்தால் ஆடை வந்துவிடும். பாதித் தண்ணீரைக் கொட்டினால் போதும். என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும்.

நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் பார்த்தேன். அது ஏறி வரும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். மீன் குடுவையின் கழுத்தில் செருகினாற்போல் நின்றுகொண்டிருந்தது. அன்று முப்பத்திரண்டு நோட்டும் திருத்தி முடித்தேன். சாகட்டும், அவர் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

ஞாயிறு காலையில் அது மிதந்தது.

"இதுல யாரோ சோப்புத் தண்ணி ஊத்தியிருக்காங்க," என்று முற்றத்தில் நின்று கத்தினார் மூத்தார். "தம்பி, கேளு. ஒன் பொண்டாட்டியக் கேளு."

"நான் கை வெக்கலன்னு சொல்லுங்க," என்றேன் சமையற்கட்டிலிருந்து. அது உண்மைதான். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் கை வைக்கவில்லை என்பதை நிரூபித்தே தீருவது என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. மிச்சம் இரண்டும் பிழைத்துக் காட்டினால் குடுவைதான் கொன்றது என்று தெரிந்துவிடும். இரக்கத்தினால் செய்தேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

கூடப் பாடம் எடுக்கிற டீச்சர் ஒருத்தியின் புருஷன் தந்தி ஆபீசில் இருந்தான். அங்கே கழித்துப் போட்ட பாட்டரிக் கண்ணாடிப் பெட்டி ஒன்று கொடுத்தாள். சதுரம், தடித்த கண்ணாடி, மேலும் கீழும் ஒரே அகலம். இதைவிட நல்ல பாத்திரம் கிடைக்காது. ஆனால் முகர்ந்தால் மூக்கு எரிந்தது. சோடா உப்புப் போட்டுக் கழுவிக் கொல்லையில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். எத்தனை நாளில் அந்த ஆசிட் போகும் என்று தெரியவில்லை. செம்பு, பித்தளை ஆகாது. எங்கள் குட்டை மீனைச் செப்புத் தவலையில் விட்டு ஒரே நாளில் பறிகொடுத்தவள் நான்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி அறுத்து ஜன்னலுக்கும் சாமி படத்துக்கும் போட்டுக் கொடுக்கும் பாய் ஒருவர் இருந்தார். முதலில் அழகான உருண்டைக் கிண்ணம் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஊரைக் காலி பண்ணிப் போன வெள்ளைக்காரர் வீட்டுச் சாமானாம்.

"மேல ஒடுங்குது பாய். வேணாம்."

"அழகா இருக்குமேம்மா."

"அழகு நமக்கு. அதுக்குக் காத்து வேணும்."

"எத்தினி மீனு?"

"ரெண்டு."

"சேந்து கெடக்குமா?"

"ஒண்ணு கண்ணுல ஒண்ணு படக்கூடாது."

"எங்க ஊட்டு மாப்புள்ளைங்க ரெண்டு பேரு மாதிரி," என்று சிரித்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உள்ளே போய் ஒரு தேய்த்த கண்ணாடித் துண்டு கொண்டுவந்தார். டாக்டர் வீட்டுக் கதவுக்குப் போட்டதில் மிஞ்சியது. வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. அதை நடுவில் தடுப்பாக வைக்கலாம் என்றார். தடுப்பு ஏறி இறங்கத் தகரத்தில் பள்ளமாய் ஒரு தவாளிப்பு. தொட்டி ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம். இரண்டு மீனுக்கும் ஆளுக்கு ஒரு அறை. ஆழம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். மேலே ஏறி வரத்தானே அதற்குக் கஷ்டம். மேல்மூடிக் கண்ணாடியை ஒரு விரல் இடைவெளி விட்டு அறுத்துக் கொடுத்தார். மூடாவிட்டால் துள்ளித் தரையில் விழுந்து காய்ந்துபோகும்.

"மக்கு வெச்சு ஒட்டியிருக்கேன். எண்ணெ வாடை போற வரைக்கும் தண்ணி மாத்திக்கிட்டே இரும்மா. அவசரப்பட்டு மீன உட்டுடாத."

எட்டு நாள் தண்ணீர் மாற்றினேன். ஒன்பதாம் நாள் மூத்தார் ஓய்வூதியக் காகிதம் விஷயமாகக் காரைக்கால் போனார். அவர் திரும்பி வர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் சிவப்பும் நீலமும் தொட்டிக்கு மாறி, வெயில் படாத சுவரோரம் போய், சாக்கடையில் நான் துணி கட்டிப் பிடித்த கொசுப்புழுவைத் தின்று, மினுமினுவென்று ஆகியிருந்தன. என் மைக்கூடு மேசைக்குத் திரும்பியிருந்தது.

மூத்தார் வந்து பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். மறுநாள் கூட்டாளி ஒருவரை அழைத்துவந்து, "இப்படிச் செய்யணும்னு நான்தான் அளவு கொடுத்தேன்" என்று சொன்னார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். கல்லோடு சேர்த்தே உலையில் போட்டேன் அன்றைக்கு.

இப்படி ஒரு மாசம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரோடு சைகோனில் இருந்த சொல்தாக்கள் நாலு பேர் சாப்பிட வந்தார்கள். நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. அப்புறம் ஒரே ஆரவாரம். ஒருவர் கையைத் தட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தேய்த்த கண்ணாடி மூத்தார் கையில் இருந்தது, தண்ணீர் சொட்டச் சொட்ட. தொட்டிக்குள் இரண்டும் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன. சிவப்பின் வால் கந்தலாகத் தொங்கிற்று. நான் எல்லோருக்கும் நடுவில் நுழைந்து, ஒரு சொம்பை விட்டுச் சிவப்பை மொண்டு எடுத்தேன். நிமிர்ந்தபோது அவர் முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது. அந்த வீட்டில் முதல் தடவையாக அவரிடமே பேசினேன்.

"தடுப்ப யார் எடுக்கச் சொன்னா ஒங்கள?"

"சண்ட போடத்தான் அதுங்க பொறந்துது. மீனு என்னுது."

"தொட்டி என்னுது."

அவர் தன் கூட்டாளிகளைச் சுற்றிப் பார்த்தார். "பாருங்க. அந்தப் பச்சையச் சோப்புத் தண்ணி ஊத்திக் கொன்னவ இவதான். இப்ப என்னா அக்கறை!"

என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று ஒரு நொடி பார்த்தேன்.

"சோப்பு ஊத்தல," என்றேன். "ஆனா கொன்னது நான்தான். மேல ஆடை கட்டிக்கிட்டு அது மூச்சுக்குத் தவிச்சத மூணு நாள் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா பொழச்சிருக்கும். ஒங்க மேல இருந்த வெறுப்புல சொல்லல. இப்பவும் அந்த வெறுப்பு இருக்கு. ஆனா இனிமே அத மீனு மேல காட்ட மாட்டேன்."

அடுப்படியில் எண்ணெய் புகைந்து வாடை கூடத்துக்கு வந்தது. வந்தவர்கள் வடை சாப்பிடாமலே கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் செருப்பைத் தேடுவதுபோல் பின்தங்கி, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வாதாங்கா எலை காஞ்சது ஒண்ணு தண்ணியில போடும்மா. அங்க அப்படித்தான் போடுவாங்க. காயம் ஆறும்."

பாட்டரிப் பெட்டி அதற்குள் வாடை விட்டிருந்தது. அதில் நாலு விரல் உயரத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றினேன், அடிபட்ட மீன் ஏறி வரச் சிரமப்படக் கூடாது என்று. பள்ளிக்கூட வாசல் நாட்டு வாதுமை மரத்தில் உதிர்ந்த வாதாங்கா இலை ஒன்றைப் போட்டேன். தண்ணீர் டீத்தண்ணி நிறமாயிற்று. அடுப்படி மூலையில் இருட்டாக மூடி வைத்தேன். சிவப்பு பதினைந்து நாள் அடியிலேயே கிடந்தது. அப்புறம் வால் மறுபடி வளர்ந்தது, ஒரு பக்கம் கோணலாக. ஜெயித்த நீலம்தான் செவுள் வீங்கி நாலாம் நாள் செத்தது.

அதற்குப் பிறகு மூத்தார் என் கையால் சாப்பிடவில்லை. பின்கட்டில் தனியாக அடுப்பு வைத்து, ரொட்டியும் சூப்புமாகத் தானே செய்துகொண்டார். நானும் அழைக்கவில்லை. ஒரே வீட்டில் ஒன்றரை வருஷம் அப்படி இருந்தோம். வழியில் எதிர்ப்பட்டால் அவர் சுவரைப் பார்ப்பார். நான் சுவரைப் பார்க்க மாட்டேன், அவரைத்தான் பார்ப்பேன். எனக்கு அதில் ஒரு திமிர் இருந்தது.

வினோதம் என்னவென்றால், ஊரில் சைகோனிலிருந்து இப்படி மீனோடு திரும்பியவர்களின் வீடுகளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அன்றைக்கு வந்த நாலு பேரும் வெளியே போய் என்ன சொன்னார்களோ. "ஹார்லிக்ஸ் பாட்டில்ல விடலாமா டீச்சர்?" "மிட்டாய்க் கடை ஜாடி போதுமா?" என்று கேட்பார்கள். பாட்டில் வேண்டாம், ஜாடியென்றால் குட்டையாய் வாய் அகன்ற ஜாடியாகப் பார், அதுவும் முக்கால்தான் ஊற்று, ஒரு பாத்திரத்துக்கு ஒன்றுதான், மூடி முக்கியம் என்று வாசலிலேயே நிற்கவைத்துச் சொல்லி அனுப்புவேன். உள்ளே கூப்பிட்டு உபசாரம் செய்ததில்லை. மீன் வளர்க்கிறேன் என்று வருகிறவர்களைப் பார்த்தாலே அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மூத்தார் ஐம்பத்தெட்டில் பிரான்சுக்கே போய்விட்டார். அங்கே சொல்தாக்களுக்கு வீடு கொடுப்பதாகக் கேள்வி. என் வீட்டுக்காரர் மெட்ராஸ் துறைமுகம் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு மறுநாள் மத்தியானம் வந்தார். குளித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசையாமல் இருந்தார்.

"அன்னிக்கு அத எதுக்கு எல்லார் முன்னாடியும் சொன்னே?" என்றார். ஒன்றரை வருஷம் கழித்து அப்போதுதான் கேட்டார். "சோப்பு ஊத்தலன்னு மட்டும் சொல்லிட்டு விட்டிருக்கலாமே."

மூன்று நாள் ஏன் பார்த்துக்கொண்டு இருந்தாய் என்று அவர் கேட்பார் என்று நான் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். அதை அவர் கடைசி வரைக்கும் கேட்கவில்லை. சாம்பார் ஊற்றினேன். அவர் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.