பெயர் கேட்காத செபம்

பிசாசு உண்டா, இல்லையா என்று குருமடத்தில் ஒருநாள் முழுக்க வாதாடியிருக்கிறோம். நான் உண்டு என்ற கட்சி. நன்றாகவே வென்றேன். பிறகு பாலையூற்றுப் பக்கம் ஒரு சின்னப் பங்குக்கு வந்தேன். யுத்தம் வீட்டுக்கு வீடு ஆளைக் கொண்டுபோவதைப் பார்த்த பின் பிசாசை நம்ப எனக்குச் சோம்பலாக இருந்தது. மனிதரே போதும் என்று பட்டது. கடவுளைப் பற்றியும் அவ்வளவு நிச்சயமில்லை. காலையில் பூசை வைத்தேன், செத்தவர்களைப் புதைத்தேன், கையெழுத்துப் போட்டுவிட்டு வேலை பார்க்கிற உத்தியோகத்தன் மாதிரி நாளை ஓட்டினேன்.

அந்த நாட்களில்தான் ஒரு தாய் தன் மகளைக் கைத்தாங்கலாகக் கோயிலோடு ஒட்டிய என் அறைவீட்டுக்குக் கூட்டிவந்தார். கணவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. மூத்த மகன் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக் குடும்பத்தைப் பார்த்தான். வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். உள்ளே கொண்டுபோனதைக் கண்டவர்கள் இருந்தார்கள், வெளியே வந்ததைக் கண்டவர் ஒருவருமில்லை. சைக்கிள் மட்டும் மணல் மூட்டையில் சாய்ந்தபடி துருப்பிடித்துக்கொண்டு நின்றது. அதை எடுக்க எவருக்கும் துணிவு வரவில்லை.

தாய் கிழமைதோறும் இராணுவ முகாம் வாசலுக்குப் போவார். மகனுடைய நீலக் கோடு போட்ட சேர்ட்டைத் தோய்த்து, சுருக்கமில்லாமல் மினுக்கி, பையில் வைத்துக்கொண்டு போவார். திடீரென்று விட்டுவிட்டால் ஊத்தை உடுப்போடு பஸ்ஸில் வரக்கூடாதாம். மகளும் கூடப் போய் வெயிலில் நிற்பாள். அவர்களைத் தெருவில் கண்டால் நான் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொள்வேன்.

இப்போது மகள் தமையனின் குரலில் கதைக்கிறாள் என்றார் தாய். கண்ட இடத்தில் விழுகிறாள். "தண்ணி தாங்கோ, கையை அவிட்டு விடுங்கோ" என்று ஆண் குரலில் கெஞ்சுகிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசை கேட்கவில்லை. சாப்பாடு இறங்காமல் எலும்பும் தோலுமாகக் கதிரையில் இருந்தாள் அந்தப் பிள்ளை.

"இது வருத்தம் அம்மா, நோய். தமையனை நினைச்சு நினைச்சு வந்த வருத்தம்" என்றேன்.

"வருத்தமோ சாத்தானோ, நீங்கள் செபிச்சுக் கலையுங்கோ சுவாமி. ஒண்டு மட்டும் கேக்கிறன். பேரைக் கேக்காதேங்கோ."

எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களின் வழக்கம் அது. பேயோட்டுகிறவர் முதலில் பெயரைக் கேட்க வேண்டும். பெயரைச் சொன்னால்தான் அது கட்டுப்படும், போ என்றால் போகும். ஆனால் உயிரோடு இருக்கிறவன் இன்னொருவர் உடம்பில் ஏறுவதில்லை. மகளின் வாயால் அந்தப் பெயர் வந்தால் மகன் செத்துவிட்டான் என்று ஆகிவிடும்.

"பிசாசு எண்டே சொல்லிச் செபியுங்கோ. என்ர பிள்ளை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று என் கையைப் பிடித்தார்.

முறையாகப் பேயோட்டுவதென்றால் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். யுத்தத்தில் பாதை மூடிக் கிடந்தது. திறந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், வெட்கமாக இருந்தது. வெறுமனே செபித்து, தலையில் கைவைத்து அனுப்பலாம் என்று நினைத்தேன்.

பின்னேரம் கோயில் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்கினேன். நாங்கள் மூன்று பேர்தான். தீர்த்தம் தெளித்தேன். சாத்தானை விலகச் சொல்லும் வரிகளை வாசித்து, பெயர் கேட்கும் இடத்தைத் தாண்டிப் போனேன். பிள்ளை உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து நிலத்தில் சரிந்தாள். குரல் வந்தது. 

"அம்மா, இனி முகாம் கேற்றடிக்கு வராதேங்கோ. வெயில். உங்கட கால் வீங்கிப்போச்சு."

அப்போது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. இது தமையனில்லை, தங்கை. தன் வாயால் தாய்க்குச் சொல்லத் துணியாததை அவன் வாயால் சொல்கிறாள். அதை நான் சொல்வதற்குள் தாய் முழங்காலில் நகர்ந்து வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"நீ ஆர்? பேரைச் சொல்லு."

"அம்மா, வேண்டாம்" என்றேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

பிள்ளை அவனுடைய பெயரைச் சொன்னாள், வீட்டில் கூப்பிடுகிற பெயரை.

தாய் அழவில்லை. மகளின் நெற்றியில் ஒட்டிய மயிரை ஒதுக்கிவிட்டார். "ஓம் ராசா, அம்மா இனி வரேல்லை. தங்கச்சியை விட்டிட்டு நீ போ மகனே."

பிள்ளை நித்திரையாகிவிட்டாள். எழும்பிக் கஞ்சி கேட்டாள். அதன் பிறகு அந்தக் குரல் வரவில்லை. பங்கு முழுக்க என் புகழ் பரவியது. மூதூரிலிருந்து ஒரு குடும்பம் படகேறி என்னைத் தேடி வந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

சில நாள் கழித்துத் தாய் வந்தார்.

"மகன்ர ஆத்துமத்துக்கு ஒரு பூசை வைக்க வேணும் சுவாமி."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கதைத்தது அவனில்லை, களைத்துப்போன உங்கள் மகள். அவன் இருக்கிறானோ இல்லையோ ஒருவருக்கும் தெரியாது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாய் சொன்னார்:

"அது எனக்கும் தெரியும். இப்ப நான் திரும்பக் கேற்றடிக்குப் போனால் இவள் திரும்ப விழுவாள். ரெண்டு பிள்ளையையும் வைச்சிருக்க எனக்கு ஏலாது சுவாமி."

 பூசை வைத்தேன். அவன் பெயர் வரும் இடத்தை இந்தமுறை தாண்டிப் போகவில்லை, சொன்னேன். முன் வாங்கில் மகள் தாயின் தோளில் சாய்ந்திருந்தாள், முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. முடிந்ததும் தாய் சேர்ட் வைத்திருந்த பையை என்னிடம் நீட்டினார். ஆராவது இல்லாததுகளுக்குக் குடுங்கோ என்றார்.

அந்த சேர்ட்டை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பங்கு மாறும்போதெல்லாம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறேன். இடைக்கிடை எடுத்துத் தோய்த்து, மினுக்கி, மடித்து வைக்கிறேன். வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். தாய் விட்டுவிட்ட பிறகு அவனுக்காகக் காத்திருக்க வேறு ஆளில்லை.