முன்னால் உட்கார்ந்தவள்

"நீ எழுதுறதுல கெட்டிம்மா. ஸ்டியரிங் அவகிட்டயே இருக்கட்டும் லா. பஸ்ஸுல வந்தாலே உனக்குத் தலை சுத்துது, நீ எங்க படகு ஓட்டப் போற?"

எங்கள் சூப்பர்வைசர் அக்கா இதைச் சொன்னபோது அலுவலகத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். என்னோடு படகில் வருகிறவள் சிரித்தது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

அவளும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சிங்கப்பூரில், பாசிர் ரிஸ் கரைக்கு எதிரே கடலில் மிதக்கும் மீன் பண்ணைகளுக்குப் படகில் போய், தண்ணீர் எடுத்துவந்து சோதித்துச் சொல்லும் சின்ன நிறுவனம் எங்களுடையது. என் அப்பா தேக்கா சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிறவர். அம்மா அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவர். இருவருக்கும் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பாலிடெக்னிக்கும் முடித்தேன். அந்தச் சான்றிதழ் எங்கள் பிடோக் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் அதைக் காட்டாமல் அம்மா தேநீர் கொடுக்கமாட்டார். எனக்கும் அது பிடிக்கும்.

அவளுடைய அப்பாவிடம் சொந்தப் படகு இருந்தது. மூன்று வயதில் அவள் நீந்தினாள். பத்து வயதில் அப்பாவின் பக்கத்தில் நின்று சுக்கானைத் திருப்பினாள். வேலைக்கு வரும்போதே லைசன்ஸும் கையில் இருந்தது. என் மதிப்பெண்கள் அவளுடையதைவிடக் கூடுதல்தான். ஆனால் ஒரு கையில் சுக்கான், மறு கையில் காப்பி ஊற்றிக் கயிறு கட்டிய கோப்பிப் பை என்று அவள் நிற்கிற அந்த நிற்பு, எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

எங்கள் படகில் ஒரு முறை உண்டு. ஒருவர் ஓட்டினால் மற்றவர் முன்னால் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். கட்டை மிதந்தாலும், வலைக் கயிறு தெரிந்தாலும், துடுப்புப் படகு வந்தாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் "பாத்துட்டேன்" என்று பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி கத்த வேண்டும். ஓட்டுவது எப்போதும் அவள், கத்துவது எப்போதும் நான்.

சில மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவளிடமிருந்து பதில் வந்துவிடுகிறது. ஒருநாள் சோதித்துப் பார்த்தேன்.

"வலது பக்கம் யானை!"

"பாத்துட்டேன்."

திரும்பினேன். அவள் கண் போனில் இருந்தது.

அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். இல்லை, அவளிடமே சொல்லி இரண்டு பேரும் சிரித்துவிட்டு, போனைப் பைக்குள் போடச் சொல்லியிருக்கலாம். நான் செய்யவில்லை. யானைக் கதையை யாரும் நம்பமாட்டார்கள், கையில் ஒரு படம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். படம் கிடைத்தால் சுக்கான் அவள் கையிலிருந்து போகும். அது போனால், நான் லைசன்ஸ் எடுத்ததும் எனக்கு வரும். அவ்வளவு நேரான கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில், அலையே இல்லை. கடைசிப் பண்ணையை முடித்துவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் தலை போனை நோக்கிக் குனிந்தது. நான் முன்னால் உட்கார்ந்தபடியே முழுதாகப் பின்பக்கம் திரும்பி, என் போனை இடுப்புக்குப் பக்கத்தில் மறைத்துப் பிடித்து, ஒரு படம் எடுத்தேன். சரியாக விழவில்லை. இன்னொன்று எடுத்தேன். படகு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்த நான்கு கண்களில் ஒன்றுகூட முன்னால் பார்க்கவில்லை.

"ஏய்! ஏய்!" என்று எதிரே வந்த துடுப்புப் படகு ஒன்றிலிருந்து தமிழில் ஒரு அலறல்.

அவள் நிமிர்ந்தாள். சுக்கானை ஒடித்து என்ஜினை அணைத்தாள். படகு மோதவில்லை, நாங்கள் கிளப்பிய அலை அந்தக் கயாக் படகைக் கவிழ்த்தது. லைஃப் ஜாக்கெட்டோடு இரண்டு பேர் தண்ணீரில் மிதந்தார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், விடுமுறை நாளில் வாடகைக்குக் கயாக் எடுத்து வந்தவர்கள் என்பது பிறகு தெரிந்தது. அதில் ஒருவருடைய கால் எங்கள் என்ஜின் விசிறியிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. விசிறி நின்றுவிட்டிருந்தது. நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருவரையும் இழுத்து ஏற்றினோம். சின்னவருக்குப் பல் கிட்டியது. "அம்மாகிட்ட உளறிடாதண்ணே, வீடியோ கால்லயே ஒப்பாரி வச்சிடும்" என்று மற்றவரிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பெரியவர் சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, போட்டுல ரெண்டு பேரு இருக்கீங்க. ஒருத்தர்கூடவா முன்னாடி பாக்கல?"

அவர்களைக் கரையில் இறக்கிவிட்ட பிறகு அவள் கேட்டாள், "நான் போன் பாத்தேன்னு ரிப்போர்ட்ல எழுதப் போறியா?"

"ஆமா."

"யாரு பாத்தா?"

படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் எடுத்திருக்க. லைட்டிங்கூட சூப்பர் லா." போனைத் திருப்பித் தந்தாள். "இத எடுக்கறப்ப நீ எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்த?"

போனை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். ஓட்டுநர் போன் பார்த்தார், படம் இணைப்பில். நான் எங்கே பார்த்தேன் என்பது அதில் இல்லை. நான் எதை எழுதினாலும் அம்மா படித்துக் காட்டச் சொல்வார். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னேன். கையைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அம்மாவால் அதைச் சரிபார்க்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். யானையிலிருந்து ஆரம்பித்தேன். முன்னால் பார்க்க வேண்டியவள் நான், அவளைப் படம் எடுப்பதற்காகத் திரும்பி உட்கார்ந்திருந்தேன், என்று எழுதினேன். அதையும் அம்மாவிடம் சொன்னேன்.

"இதுக்கு வேலை போயிடுமா?"

"தெரியலம்மா."

"அனுப்பு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வேலை போகவில்லை. இரண்டு பேரையும் மூன்று மாதம் படகில் ஏற்றவில்லை. அறிக்கையைப் படித்த அக்கா, "எழுதுறதுல கெட்டின்னு நான் சொன்னது சரியாப் போச்சு" என்றார். அது பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை மறுபடி கடலுக்குப் போனோம். லைசன்ஸ் அவளிடம்தான் இருக்கிறது, அதனால் சுக்கானும் அவளிடம்தான். கோப்பிப் பை இல்லை, போனையும் பெட்டிக்குள் போட்டிருந்தாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், அப்போதும் அழகாகத்தான் நின்றாள். எனக்கு எரிச்சல் குறையவில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரைக்கு வந்ததும் நேராகப் பிடோக் நீச்சல் குளத்துக்குப் போனேன். பெரியவர்களுக்கான வகுப்பில் அது எனக்கு மூன்றாவது நாள். படகு லைசன்ஸுக்கான எழுத்துத் தேர்வை அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையே எழுதிவிட்டேன்.